மரக்கூண்டுச் சட்டகம் (சரக்குந்து)

மரக்கூண்டுச் சட்டகம் என்பது சரக்குந்து (லாரி) ஒன்றின் இரும்பு அடிச்சட்டகத்தின் (சேசிஸ்) மேல், ஓட்டுநர் அறையையும் சரக்குத் தொட்டியையும் தாங்குவதற்காக மரத்தால் கட்டப்படும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு ஆகும். இந்தியாவில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓடிய சரக்குந்துகள் தொழிற்சாலையிலிருந்து பொறியும் அடிச்சட்டகமும் மட்டுமாகவே வெளிவந்தன. கூண்டை உரிமையாளர் தமக்கு விருப்பமான பட்டறையில் கட்டிக்கொண்டார். அவ்வாறு கட்டப்பட்ட பழைய வண்டி ஒன்றை இன்று மீட்டெடுக்க முனைவோர், இற்றுப்போன சட்டங்களுக்கு மாற்றாக எந்த மரத்தை இடுவது என்ற கேள்வியைச் சந்திக்கின்றனர்.

இக்கேள்விக்குத் 'தேக்கு' என்ற ஒற்றைச்சொல் விடையே பெரும்பாலும் தரப்படுகிறது. அது பாதி விடையே ஆகும். சட்டகத்தின் ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு வேலையைச் செய்கிறது. ஓரிடத்தில் சிறந்து விளங்கும் மரம் மற்றோரிடத்தில் நசுங்கவோ, முறுகவோ, தேவையின்றிச் செலவு வைக்கவோ கூடும். மேலும், பழைய வண்டிகளை மீட்டெடுப்பது பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல பிரித்தானிய, அமெரிக்க வண்டிகளை முன்வைத்து எழுதப்பட்டவை. அவை பரிந்துரைக்கும் ஆஷ், ஓக் போன்ற மரங்களைச் சென்னைக் கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

வரலாறு

தமிழகத்தில் சரக்குந்துக் கூண்டு கட்டும் கலை, மாட்டுவண்டி செய்யும் தச்சுக்கலையின் தொடர்ச்சியாகவும், குதிரைவண்டி கட்டிய ஐரோப்பிய நிறுவனங்களின் தொடர்ச்சியாகவும் வளர்ந்தது. சென்னையின் சிம்சன் நிறுவனம் 1840ல் குதிரைவண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் தானுந்து, பேருந்துக் கூண்டுகளைக் கட்டியது. நாட்டுத் தச்சர்களோ, ஒரே சக்கரத்தின் குடத்திற்கும் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் தேவைப்படும் குணங்கள் வேறுவேறு என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். குடம் பிளவுபடாமல் இருக்க வேண்டும். ஆரக்கால் நேரான நார் கொண்டிருக்க வேண்டும். வட்டை தேய்மானத்தைத் தாங்க வேண்டும். சரக்குந்துக் கூண்டில் மரம் தெரிவதும் இதே அறிவின் நீட்சி எனலாம்.

1948ல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்சு நிறுவனம் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் தானுந்துகளைப் பொருத்தியது. பின்னர் பிரித்தானியாவின் லேலண்டு நிறுவனத்துடன் இணைந்து காமெட் வகைச் சரக்குந்து அடிச்சட்டகங்களைச் செய்யத் தொடங்கியது. 1955ல் அதன் பெயர் அசோக் லேலண்டு என மாறியது. இதே காலப்பகுதியில் ஜம்சேத்பூரிலிருந்து டாட்டா–மெர்சிடிசு பென்சு (1954 முதல்), மும்பையிலிருந்து பிரீமியர் நிறுவனத்தின் டாட்ஜ், பார்கோ, கொல்கத்தாவை அடுத்த பகுதியிலிருந்து இந்துசுத்தான் மோட்டார்சின் பெட்போர்டு ஆகியவையும் சாலைக்கு வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் படைத்துறை கழித்துவிட்ட செவர்லே, போர்டு வண்டிகளும் மரக்கூண்டு பூண்டு சரக்கு ஏற்றின.

இவ்வண்டிகளுக்குக் கூண்டு கட்டும் தொழில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது. கரூர் பேருந்துக் கூண்டுக்குப் பெயர்பெற்றது. வடசென்னையில் எண்ணூர்த் தொழிற்சாலை, துறைமுகம், கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெரும் வடக்குச் சாலை (ஜி.என்.டி. சாலை) ஆகியவை அருகருகே அமைந்ததால் மாதவரம், மூலக்கடை, திருவொற்றியூர்ப் பகுதிகள் சரக்குந்துகளின் இயல்பான தங்குமிடமாயின. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த சரக்குந்து முனையமும் மாதவரத்திலேயே உள்ளது. பிற்காலத்தில் ஓட்டுநர் அறைகள் தொழிற்சாலையிலேயே இரும்பால் செய்யப்பட்டன, கூண்டுக் கட்டுமானத்திற்கான இந்தியத் தானியங்கித் தொழில்துறைத் தரமும் (ஏ.ஐ.எஸ். 093) வந்தது. மர ஓட்டுநர் அறை கட்டும் வேலை இதனால் அருகிவிட்டது. அதை அறிந்த தச்சர்களும் குறைந்துவிட்டதால், மரத்தெரிவுக்கான காரணங்களை மீட்டெடுப்போர் தாமே அறிந்திருக்க வேண்டியுள்ளது.

உறுப்புகளும் அவை சுமக்கும் விசைகளும்

சட்டகத்தின் அடிப்பகுதியில், அடிச்சட்டகத்தின் இரு இரும்பு நெடுக்குகளின் மேல் நேராகப் படிந்து கிடப்பவை நெடுக்குச் சட்டங்கள் ஆகும். இவை இரும்புடன் 'யூ' வடிவ மரையாணிகளால் (யூ போல்ட்) இறுக்கிக் கட்டப்படுகின்றன. எனவே இவற்றின் முதன்மைத் தேவை வளைவலிமை அன்று. நாருக்குக் குறுக்காக நசுங்காத தன்மையே. மென்மையான மரத்தை இங்கு இட்டால் மரையாணியின் கீழ் மரம் அமுங்கும், பிடி தளரும், தொட்டி முழுவதும் இரும்பின் மேல் நகரத் தொடங்கும். நிறுத்தத்தடை (பிரேக்) போடும்போது ஐந்து டன் சரக்குடன் தொட்டி முன்னோக்கி நகர்ந்தால், அதற்கு முன்னால் இருப்பது ஓட்டுநர் அறை. மரத்தெரிவு வெறும் அழகு பற்றியதன்று என்பதை உணர இந்த ஓர் இடமே போதும்.

நெடுக்குச் சட்டத்தின் முன்முனையைச் சரிவாகச் சீவி மெலிதாக்குவது பழைய பட்டறை வழக்கம். சட்டம் திடீரென முடியும் இடத்தில் விறைப்பும் திடீரென மாறுவதால் அவ்விடத்தில் இரும்பு நெடுக்கில் வெடிப்பு உண்டாகும். சரிவு இம்மாற்றத்தைப் படிப்படியாக்குகிறது. பழைய சட்டத்தைப் பார்த்து அளவெடுப்போர் இச்சரிவைத் தேய்மானம் எனக் கருதிச் சதுரமாக வெட்டிவிடக் கூடாது.

நெடுக்குச் சட்டங்களின் மேல் குறுக்காக அமைபவை குறுக்குச் சட்டங்கள். இவற்றின் இரு முனைகளும் இரும்பு நெடுக்குகளுக்கு வெளியே தாங்கலின்றி நீண்டிருப்பதால் வளைவலிமையும் அதிர்ச்சி தாங்கும் தன்மையும் இங்கு முதன்மை பெறுகின்றன. செவ்வகச் சட்டம் ஒன்றின் வளைவலிமை அதன் உயரத்தின் இருமடியையும், விறைப்பு உயரத்தின் மும்மடியையும் பொறுத்தது. எனவே உயரத்தை 10% கூட்டினால் வலிமை 21 விழுக்காடும் விறைப்பு 33 விழுக்காடும் கூடும். சற்று வலிமை குறைந்த மரத்தை இடும்போது அகலத்தைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது பயன்தரும் என்பது இதனால் விளங்கும். ஆனால் அவ்வாறு செய்தால் தொட்டியின் மொத்த உயரம் மாறும். மூலவடிவத்தைக் காக்க விரும்புவோருக்கு இது உகந்ததன்று. அவர்கள் மூல அளவுக்குள்ளேயே வலிமை தரும் மரத்தைத் தேட வேண்டும்.

தளப்பலகைகள் தேய்மானத்தையும் குத்தலையும் தாங்குகின்றன. பக்கச் சட்டங்களும் பக்கப்பலகைகளும் சரக்கின் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குகின்றன. இவ்விரண்டிலும் அரிய மரம் தேவையில்லை. தேய்ந்த பலகையைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டுநர் அறையின் சட்டகம் முற்றிலும் வேறான வேலை. இங்கு சுமை குறைவு. ஆனால் கதவுத் தூண், காற்றுத்தடுப்புக் கண்ணாடிச் சட்டம், கூரை வளைவு ஆகியவை ஆண்டு முழுவதும் தம் வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். கதவுத் தூண் 4 மி.மீ. முறுகினாலும் கதவு பூட்டாது. கண்ணாடி விரிசல் காணும். சட்டகத்தின் மேல் அடிக்கப்படும் தகட்டின் திருகுகளையும் ஆணிகளையும் மரம் நெடுங்காலம் பிடித்திருக்கவும் வேண்டும்.

பழைய சட்டகத்தைக் கொண்டு அறிதல்

இற்றுப்போன மரத்தை எறிவதற்கு முன் அது என்ன மரம் என அறிந்துகொள்வது நலம். எவ்வளவு இற்றிருந்தாலும் மரையாணியைச் சுற்றியோ வண்ணத்திற்கு அடியிலோ ஓரங்குலம் நல்ல மரம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அதன் குறுக்குவெட்டைக் கூரிய உளியால் சீவிப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பார்த்தால் சில மரங்களை எளிதில் அடையாளம் காணலாம். தேக்கில் வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக அமைந்திருக்கும். புதிதாகச் சீவினால் தோல் போன்ற மணமும் எண்ணெய்ப் பசையும் தெரியும். சால் மரத்தில் வெண்ணிறப் பிசின் நிறைந்த நுண்குழல்கள் வளைகோடாகக் காணப்படும். வேங்கை மரத்தின் சீவலை நீரில் இட்டால் நீர் நிறமேறி, ஒளியில் நீலச் சாயல் காட்டும். நீரிழிவுக்கு மருந்தென விற்கப்படும் வேங்கைக் குவளைகளில் நீர் நிறம் மாறுவதும் இதனால்தான். ஐயம் எழும்போது தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்திலோ, பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ மாதிரியைக் கொடுத்து மரவகையை அறியலாம்.

இவ்வாறு அறிவதில் வரலாற்றுப் பயனும் உண்டு. பிரித்தானியப் பெயர் தாங்கிய வண்டியாயினும், அதன் கூண்டு சென்னையிலோ நாமக்கல்லிலோ கட்டப்பட்டிருந்தால் அதன் மூல மரம் இந்திய மரமாகவோ பர்மிய மரமாகவோதான் இருந்திருக்கக் கூடும். அத்தகைய வண்டிக்கு இங்கிலாந்திலிருந்து ஆஷ் மரம் தருவித்து இடுவது 'மூலவடிவத்தை' மீட்பதாகாது. அதற்கு ஒருபோதும் இல்லாத ஒன்றைப் புகுத்துவதே ஆகும்.

ஆஷ் மரத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. அது நன்கு வளையும், அதிர்ச்சியைத் தாங்கும். இங்கிலாந்தின் மார்கன் நிறுவனம் தன் தானுந்துகளில் இன்றும் ஆஷ் சட்டகத்தைப் பயன்படுத்துகிறது. ஆனால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுக்கும் தன்மை அதற்கு மிகக் குறைவு. இங்கிலாந்தின் குளிரிலேயே நீர் தேங்கும் மூட்டுகளில் அது இற்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று திங்கள் ஈரத்தில் நின்று, கறையான் மிகுந்த தரையில் ஆண்டு முழுவதும் நிறுத்தப்படும் மாதவரத்து வண்டியில் அதன் ஆயுளை ஊகித்துக்கொள்ளலாம்.

மரவகைகள்

தேக்கு: உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கி.கி. எடையுள்ள நடுத்தர மரம். இதன் பெருமை வலிமையில் அன்று, வடிவம் மாறாமையில் உள்ளது. ஈரம் ஏறி இறங்கும்போது மிகக் குறைவாகவே சுருங்கி விரியும். வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தீண்டாது. எனவே ஓட்டுநர் அறைச் சட்டகத்திற்கும் கதவுகளுக்கும் இதற்கு நிகரில்லை. நெடுக்குச் சட்டத்திற்கு இதைவிட நசுங்காத மரங்கள் உண்டு. தேக்கின் எண்ணெய்ப்பசை பசைக்கு இடையூறாவதால், ஒட்டுவதற்குச் சற்று முன் மூட்டுப் பரப்பைக் கரைப்பானால் துடைக்க வேண்டும். தோப்புகளில் இளமையிலேயே வெட்டப்படும் தேக்கில் வெளிறு (வைரம் பாயாத வெண்பகுதி) மிகுதி. வெளிறு எந்த மரத்தினுடையதாயினும் நிலைக்காது. 'தேக்கு' என்ற பெயர் அதைக் காப்பாற்றுவதில்லை.

சால்: ஏறத்தாழ 850 கி.கி. எடையுள்ள, வலிமையும் நிலைப்பும் மிக்க வட, நடு இந்திய மரம். தொடர்வண்டித் தண்டவாளக் கட்டைகளாகப் பெரிதும் பயன்பட்டது. நெடுக்குச் சட்டங்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் மிகப் பொருத்தமானது. நார் பின்னிக் கிடப்பதால் இழைப்பது கடினம். மெதுவாகவே உலரும், விரைவுபடுத்தினால் வெடிக்கும். இக்காரணங்களால் கதவுச் சட்டங்களுக்கு ஏற்றதன்று. சென்னைக் கடைகளில் 'மலேசிய சால்' என விற்கப்படுவது இந்தியச் சால் அன்று. அதே பேரினத்தைச் சேர்ந்த தென்கிழக்காசிய மரங்களுக்கான வணிகப்பெயர் ஆகும். அவற்றிலும் எடை மிக்கவையும் எடை குறைந்தவையும் கலந்து வருவதால், பெயரை நம்பாமல் துண்டு ஒன்றை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

கருமருது, பிள்ளைமருது, வேங்கை, இருள்: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் வலிய மரங்கள். கருமருது சாலுக்கு மாற்றாகக் கொள்ளத்தக்கது; எனினும் உலரும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும். வேங்கை வலிமையும் நிலைப்பும் உடையது. ஆனால் அதன் சாயம் நனையும்போது கசிந்து வெளிர்நிற வண்ணப்பூச்சில் கறைபடுத்தும் என்பதால், வெண்ணிறமோ மஞ்சளோ பூசப்படும் ஓட்டுநர் அறைக்கு அதைத் தவிர்க்கலாம். தொட்டியின் அடியில் அது குறையன்று. இருள் மரம் மிகக் கடினமானது. அதற்கு முன்கூட்டியே துளையிடாமல் ஆணி அடிக்க முயல்வது வீண் முயற்சி.

கருவேலம், வாகை, பூவரசு, வேம்பு: ஊர்ப்புறங்களில் கிடைக்கும் இவற்றை மீட்டெடுப்போர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அது சரியன்று. கருவேலம் வண்டிச் சக்கரங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட, அதிர்ச்சியைத் தாங்கும் மரம். நீண்ட நேரான சட்டங்கள் அதில் கிடைப்பதரிது. ஆனால் கூரை வளைவு, சக்கரக் கவிப்பு போன்ற வளைந்த உறுப்புகளுக்கு இக்குறையே நிறையாகிறது. நேரான பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அவ்விடத்தில் முறியும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையிலிருந்து அறுத்தால் நார் வளைவைப் பின்தொடரும். மரப்படகு கட்டுவோர் படகின் விலா எலும்புகளை இம்முறையிலேயே தெரிவு செய்கின்றனர். கூரை வளைவுக்கு மரம் தேடுவோர் மரக்கடைக்குச் செல்வதைவிடப் படகு கட்டுவோரிடம் கேட்பது பயன்தரலாம். வாகை, பக்கப்பலகைகளுக்குப் போதுமானது. அதன் தூள் கடும் தும்மலை உண்டாக்குவதால் அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

தைலமரம் (யூக்கலிப்டசு) மலிவாகக் கிடைத்தாலும் உலரும்போது முறுகுவதால் சட்டகத்திற்கு ஆகாது. ரப்பர் மரம், மா ஆகியவை காப்புச் செய்யப்படாவிடில் பூச்சிக்கு விரைவில் இரையாகும்.

எடையையும் கருத்திற்கொள்ள வேண்டும். 4.2 மீ. நீளமும் 2.1 மீ. அகலமும் 38 மி.மீ. தடிமனும் கொண்ட தளத்திற்கு ஏறத்தாழ 0.335 கன மீட்டர் மரம் தேவை. தேக்கில் இது சுமார் 218 கி.கி.; சாலில் சுமார் 285 கி.கி. வேறுபாடு 67 கி.கி., அதாவது ஏறத்தாழ ஓர் ஆளின் எடை. கண்காட்சிக்கு மட்டும் செல்லும் வண்டிக்கு இது பொருட்டன்று.

ஈரப்பதம்

மரவகையைத் தெரிவு செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் மரத்தின் ஈரப்பதத்தில் காட்டுவதில்லை. பச்சைத் தேக்கால் கட்டிய ஓட்டுநர் அறையைவிட, நன்கு உலர்ந்த வாகையால் கட்டியது மேலானது எனத் துணிந்து கூறலாம்.

ஈரப்பதம் என்பது மரத்திலுள்ள நீரின் எடை, முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையில் எத்தனை விழுக்காடு என்பதாகும். 100 கிராம் எடையுள்ள துண்டு ஒன்றை அடுப்பில் 103 பாகை செல்சியசு அளவில், எடை மேலும் குறையாத வரை உலர்த்திய பின் 80 கிராம் இருந்தால், அதன் ஈரப்பதம் 20/80, அதாவது 25% (20% அன்று). சென்னை போன்ற கடற்கரை நகரில் காற்றுடன் சமநிலை அடைந்த மரத்தின் ஈரப்பதம், பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காடு வரை இருக்கும். சட்டகம் கட்டும்போது மரம் இவ்வளவில் இருக்க வேண்டும்.

ஈரப்பதம் ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைவிட மிகுதி. 25% ஈரத்தில் இருக்கும் 200 மி.மீ. அகலச் சால் பலகை 13 விழுக்காட்டுக்கு உலரும்போது சுமார் 6 மி.மீ. குறுகும், தேக்குப் பலகை சுமார் 4 மி.மீ. குறுகும். தளத்தில் இது வெறும் இடைவெளி. கழுந்தும் துளையுமாகப் பொருத்திய கதவு மூட்டில் இதுவே ஆட்டம்.

ஓரங்குலப் பலகையை நிழலில், இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கினால் சில திங்களில் உலர்ந்துவிடும். நான்கு அங்குலத் தடிமனுள்ள நெடுக்குச் சட்டத்தின் உள்பகுதி உலர ஆண்டுகள் ஆகும். முனைகளில் மெழுகோ தார்ப்பூச்சோ இல்லாவிடில் அதற்குள் முனை வெடித்துவிடும். மர உலர்த்தல் முறைகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1141 ஆகும். எட்டுத் திங்கள் காத்திருக்கப் பொறுமை இல்லாதோருக்கு மிகச் சிறந்த வழி பழைய மரம் வாங்குவதே.

பழைய மரமும் மரச்சந்தையும்

இடிக்கப்படும் பழைய வீடுகள், கிடங்குகள் ஆகியவற்றிலிருந்து வரும் உத்திரங்களும் கைமரங்களும் பல்லாண்டுகள் உலர்ந்தவை. முதிர்ந்த காட்டு மரங்களிலிருந்து அறுக்கப்பட்டவை. இத்தகைய மரம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. கேரளத்தைச் சேர்ந்த நில உரிமையாளர் ஒருவர் தொடுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 திசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின், இந்தியக் காடுகளில் மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத மரங்களின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. எனவே 'பர்மாத் தேக்கு' எனக் கடைகளில் காட்டப்படும் ஒவ்வொரு புதிய மரத்தையும் ஐயத்துடன் நோக்குவது தவறாகாது. ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோப்புத் தேக்குகளும் உண்மையில் தேக்கே எனினும், அவற்றின் வைரப்பகுதியின் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். வாங்கிய மரத்திற்கு உரிய விலைப்பட்டியலைப் பெற்று வைத்திருப்பது பின்னாளில் உதவும்.

பழைய மரத்தில் உள்ள பெருந்தொல்லை புதைந்த ஆணிகள். ஒரே ஆணி அறுவை ஆலையின் வாளைக் கெடுத்துவிடும் என்பதால் பல ஆலைகள் பழைய மரத்தை அறுக்க மறுக்கின்றன. காந்தத்தாலோ உலோகங்காணும் கருவியாலோ தேடி நீக்கிய பின்னரே ஆலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வண்ணம் பூசிய மரமாயின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல், நனைத்துச் சுரண்டுவது பாதுகாப்பானது.

மரம் தமிழகத்தில் இன்றும் கன அடியிலேயே விலைபேசப்படுகிறது (1 கன மீட்டர் = 35.3 கன அடி). உருண்டை மரத்தை 'ஹாப்பசு' முறையில், அதாவது சுற்றளவின் கால்பங்கின் இருமடியை நீளத்தால் பெருக்கி அளந்தால், உண்மைக் கனஅளவைவிட ஏறத்தாழ 21% குறைவாகவே வரும். இது ஏமாற்று அன்று. அறுக்கும்போது ஏற்படும் கழிவுக்கான பழைய கணக்கு. எந்த முறையில் அளந்தார்கள் எனக் கேட்காமல் இரு கடைகளின் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூலவடிவத்தை மாற்றாமை சட்ட நோக்கிலும் பொருட்படுத்த வேண்டியதாகும். இந்திய அரசு 2021ல் வெளியிட்ட பழம்பெரும் ஊர்திகளுக்கான பதிவு விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அடிச்சட்டகத்திலும் கூண்டிலும் பொறியிலும் பெருமாற்றம் செய்யப்படாத ஊர்தி என்பதையே வரையறையாகக் கொண்டுள்ளன. மரச்சட்டகத்தை நீக்கி இரும்புக் குழாய்களால் கட்டுவது எளிது, மலிவு. ஆனால் அதன்பின் எஞ்சுவது பழைய பொறி பூட்டிய புதிய வண்டி. பழைய மூட்டுகளை எண்ணிட்டு ஒளிப்படம் எடுத்து வைப்பதும், பழைய மரத்தின் ஒரு துண்டைக் காத்து வைப்பதும் வழக்கமாக வேண்டும்.

இரும்பும் உப்புக்காற்றும்

எண்ணூர் முதல் இராயபுரம் வரையிலான கடற்கரைப் பகுதியில் மரத்தைவிட முதலில் கெடுவது ஆணியே. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும்போது அதைச் சுற்றி உண்டாகும் வேதிப்பொருள்கள் மரத்தின் நாரைச் சிதைக்கின்றன. ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, பஞ்சுபோல் மென்மையாகிறது. துவர்ப்புச்சத்து (டானின்) மிக்க கருமருது, கருவேலம் போன்றவற்றில் இரும்பு பட்ட இடம் விரைவாகக் கறுக்கும். எனவே துத்தநாகம் பூசிய மரையாணிகளையோ, தெரியாத இடங்களில் துருவேறா எஃகுத் திருகுகளையோ பயன்படுத்தலாம். வெளியே தெரியும் மரையாணித் தலைகள் மட்டும் பழைய வடிவில் இருந்தால் போதும்.

இரும்பு நெடுக்குக்கும் மரச் சட்டத்திற்கும் இடையே ரப்பர் பட்டையோ தாரில் தோய்த்த கித்தானோ இடப்படும். இதன் நோக்கம் அதிர்வைக் குறைப்பது மட்டுமன்று. நீர் தேங்கி மரத்தின் அடிப்பகுதி இற்றுப்போவதைத் தடுப்பதும் ஆகும். மர முனைகள் நீரை நீளப்பரப்பைவிடப் பலமடங்கு விரைவாக உறிஞ்சும். ஆகையால் ஒவ்வொரு மூட்டையும் பொருத்துவதற்கு முன்பே உள்ளே வண்ணப்பூச்சோ காப்புப்பூச்சோ இட வேண்டும்; பொருத்திய பின் வெளியே எத்தனை கை பூசினாலும் மூட்டின் உள்ளே அது செல்லாது. மரக்காப்பு முறைகளை ஐ.எஸ். 401 தரம் விவரிக்கிறது. போராக்சு–போரிக் அமிலக் கரைசல் பூச்சியைத் தடுக்கும் எளிய வழி. ஆனால் மழையில் கரைந்து வெளியேறும் என்பதால், மேலே வண்ணம் பூசப்படும் ஓட்டுநர் அறைச் சட்டங்களுக்கே அது ஏற்றது, தளத்திற்கு அன்று.

கட்டி முடித்த பின்

'யூ' மரையாணிகளை இறுக்கும்போது இரும்பு நெடுக்கின் விளிம்பு வளைந்துவிடாமலிருக்க அதன் உட்குழிவில் கட்டை ஒன்று வைக்கப்படும். இக்கட்டையும் நெடுக்குச் சட்டம் அளவுக்குக் கடினமான, உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். பலர் கையில் கிடைத்த துண்டை இங்கு செருகிவிடுகின்றனர். விளிம்பில் துளையிட்டு மரையாணி பூட்டுவதோ, பற்றவைப்பதோ இரும்பு நெடுக்கை வலுவிழக்கச் செய்யும்.

எவ்வளவு உலர்ந்த மரமாயினும் வண்டியின் கீழ் அது மீண்டும் சிறிது சுருங்கும். எனவே முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின்னும், முதல் கோடை முடிந்த பின்னும் எல்லா மரையாணிகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தளப்பலகைகளின் முனைகள், கதவுத் தூண்களின் அடிப்பகுதி, காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் கீழ்ச்சட்டம் ஆகிய மூன்று இடங்களையும் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கலாம். ஊசி எளிதில் இறங்கினால் அங்கு பூஞ்சை தொடங்கிவிட்டது. அந்நிலையில் அவ்விடத்தை மட்டும் வெட்டி, அதே மரத்துண்டைச் சரிவு ஒட்டாகப் பொருத்தினால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியிராது.